வார்ப்புருவைத் தொடாதீர்கள்: ஆய்வுக் கட்டுரை வடிவமைப்பு குறித்த வாசகர் கேள்விகள்

ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்த பிறகு, அதை இதழ் கேட்கும் வடிவத்தில் அனுப்புவதில் எழும் சிக்கல்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்ததால், சில கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இவற்றில் அடிக்கடி வரும் லேடெக் என்பது, கட்டளைகளோடு எழுதிய மூலக் கோப்பை 'ஓட்டி' பிடிஎஃப் ஆக்கித் தரும் மென்பொருள்; வார்ப்புரு என்பது இதழ் தரும் மாதிரி வடிவம் (டெம்ப்ளேட்).

கேள்வி: ஐயா, நான் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அனுப்ப நினைத்திருக்கும் இதழின் லேடெக் வார்ப்புருவில் என் கட்டுரையை இட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் இரண்டு பத்திகளாக, அச்சில் வந்ததைப் போலவே அழகாக வருகிறது. ஆனால் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில் ஒற்றைப் பத்தி, இரட்டை வரி இடைவெளி, வரி எண்கள் என்று கேட்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? பக்க வரம்பும் இருப்பதால் ஓரங்களைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: வழிகாட்டியைத்தான் பின்பற்ற வேண்டும். உங்களுக்குக் கிடைத்த வார்ப்புருவிலேயே அதற்கு வழியும் இருக்கும். வார்ப்புருவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வகுப்புக் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே கட்டுரையை இரண்டு மூன்று தோற்றங்களில் தரக்கூடியவை. கோப்பின் முதல் வரியில், வகுப்பின் பெயருக்கு முன்னுள்ள சதுர அடைப்புக்குறிக்குள் எந்தச் சொல்லை இடுகிறோம் என்பதே தோற்றத்தை முடிவு செய்கிறது. எல்சேவியர் பதிப்பகத்தின் எல்ஸ்ஆர்டிக்கிள் வகுப்பில் 'ரிவ்யூ' என்று இட்டால் மதிப்பாய்வாளர் வாசிப்பதற்கு ஏற்ற அகன்ற வரி இடைவெளி வரும். '5பி' என்று இட்டால் இரண்டு பத்தி வரும். ஐஇஇஇட்ரான் வகுப்பில் 'டிராஃப்ட்சிஎல்எஸ்', 'ஒன்காலம்' என்ற இரண்டையும் சேர்த்தால் நீங்கள் கேட்ட ஒற்றைப் பத்தி, இரட்டை இடைவெளி கிடைத்துவிடும். ஏசிஎம்ஆர்ட் வகுப்பின் 'ரிவ்யூ' வரி எண்களையும் தானே போட்டுவிடுகிறது. அந்த வசதி இல்லாத வகுப்புகளில் 'லைன்நோ' என்ற தொகுப்பைச் சேர்த்தால் போதும். வகுப்போடு வரும் விளக்கக் கோப்பை ஒரு முறை வாசித்துவிட்டால் இவையெல்லாம் தெரிந்துவிடும். அதை வாசிக்காமல் பல நாள் திண்டாடுகிறவர்கள்தாம் அதிகம்.

ஓரங்களைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடவே கூடாது என்பது. வார்ப்புரு எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். 1977இல் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத், தம் நூலின் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்காக வந்த அச்சுப்படிகளைப் பார்த்து மனம் நொந்து, எழுத்துக் கோக்கும் வேலையைத் தாமே கையில் எடுத்துக்கொண்டதன் விளைவுதான் டெக் என்ற மென்பொருள். அவருக்குத் தோற்றம் முக்கியம். ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழ வேண்டும் என்பதை எழுதுகிறவரே சொல்லலாம். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்கைக் கட்டியபோது நோக்கம் வேறாயிற்று. இது தலைப்பு, இது சுருக்கம், இது தேற்றம், இது படவிளக்கம் என்று எழுதுகிறவர் சொன்னால் போதும்; அவை எப்படித் தெரிய வேண்டும் என்பதை வகுப்புக் கோப்பு பார்த்துக்கொள்ளும்.

இன்றைய பதிப்பகங்கள் அந்தப் பாதையில் இன்னும் ஒரு படி போயிருக்கின்றன. ஏற்கப்பட்ட கட்டுரையை அவை பெரும்பாலும் அப்படியே அச்சிடுவதில்லை. ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறியிட்டுக் காட்டும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் இணையப் பக்கத்தையும் பிடிஎஃப் கோப்பையும் உருவாக்குகின்றன. 2012இல் தரமாக்கப்பட்ட 'ஜாட்ஸ்' என்ற அமைப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அந்த மாற்றத்தில் உங்கள் ஓரங்கள், எழுத்தளவு, கையால் தள்ளிய இடைவெளிகள் எல்லாம் உதிர்ந்துபோகும். எது தலைப்பு, எது ஆசிரியரின் நிறுவனம், எந்த எண் எந்தப் படத்தைச் சுட்டுகிறது என்ற செய்திகள் மட்டுமே மிஞ்சும். ஆகவே அழகுக்காகச் செலவிடும் நேரம் வீண். மாநாட்டுக் கட்டுரைகளில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே நீங்கள் தரும் பிடிஎஃப்பே தொகுப்பில் ஏறும் வாய்ப்பு உண்டு என்பதால், ஓரத்தைச் சுருக்கியதும், செங்குத்து இடைவெளிக் கட்டளையில் எதிர்மறை அளவு கொடுத்ததும் கண்டுபிடிக்கப்பட்டால் வாசிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கம் மிஞ்சினால் வாக்கியத்தைக் குறையுங்கள்.

கேள்வி: என் நெறியாளரும் உடன் எழுதுபவர்களும் வேர்டு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். நான் லேடெக் கற்றே ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. உயிரியல், மருத்துவம், சமூக அறிவியல் துறைகளின் இதழ்களில் பெரும்பாலானவை வேர்டு கோப்பையே எதிர்பார்க்கின்றன. சமன்பாடுகள் நிறைந்த கட்டுரை என்றால் லேடெக் உங்கள் உழைப்பைக் குறைக்கும். இல்லையென்றால் உடன் எழுதுபவர்கள் எதில் திருத்துவார்களோ அதிலேயே எழுதுவதுதான் விவேகம். நால்வர் எழுதும் கட்டுரையில் மூவருக்குத் திறக்கத் தெரியாத கோப்பால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் வேர்டிலும் மேலே சொன்ன நியதி மாறுவதில்லை. துணைத்தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி அளவைக் கூட்டுவதால் அது துணைத்தலைப்பு ஆகிவிடாது. வார்ப்புருவில் 'ஹெடிங் 2' என்ற பாணி இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். உள்தள்ளலுக்கு இடைவெளிப் பொத்தானைத் தட்டுவதும், புதிய பக்கத்துக்காக என்டர் பொத்தானை வரிசையாகத் தட்டுவதும், படத்துக்கு எண்ணைக் கையால் எழுதுவதும் பின்னால் வம்பையே வளர்க்கும். படவிளக்கத்தையும் குறுக்குச் சுட்டையும் வேர்டே செருகித் தரும். மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிட்டுத் தரும் ஜொட்டேரோ, மெண்டலே, எண்ட்நோட் ஆகிய மென்பொருள்களில் ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜொட்டேரோ பயன்படுத்தும் சிஎஸ்எல் என்ற மேற்கோள் பாணிக் களஞ்சியத்தில் 10,000க்கு மேற்பட்ட இதழ்ப் பாணிகள் இருப்பதால், இதழ் மாறும்போது பட்டியலைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிராது.

கேள்வி: லேடெக்கில் எழுதிய என் கட்டுரையில் பட எண்கள் வர வேண்டிய இடங்களில் ?? என்று வருகிறது. சில இடங்களில் எண் வந்தாலும் தவறாக வருகிறது. 'படம் 2' என்று வர வேண்டிய இடத்தில் 'படம் 3.1' என்று வருகிறது. ஒரு பாராவில் பாதி வாக்கியத்தையே காணவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: மூன்றும் வெவ்வேறு நோய்கள். முதலாவது எளிது. லேடெக் ஒரே ஓட்டத்தில் எல்லா எண்களையும் அறிந்துவிடாது. முதல் ஓட்டத்தில் எண்களைத் துணைக் கோப்பில் குறித்துவைத்து, அடுத்த ஓட்டத்தில்தான் எடுத்து இடும். மேற்கோள்களும் இருந்தால் லேடெக், மேற்கோள் பட்டியலை உருவாக்கும் பிப்டெக், மீண்டும் இருமுறை லேடெக் என்ற வரிசையில் ஓட்ட வேண்டும். அதன் பிறகும் கேள்விக்குறி நின்றால், சுட்டும் இடத்திலும் பெயரிட்ட இடத்திலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. படத்துக்குப் பெயர் சூட்டும் 'லேபிள்' கட்டளையைப் படவிளக்கத்தைத் தரும் 'கேப்ஷன்' கட்டளைக்கு முன்னால் வைத்திருப்பீர்கள். படத்துக்கு எண் பிறப்பது படவிளக்கக் கட்டளையில்தான். அதற்கு முன்னால் பெயரிட்டால், அப்போது நடப்பில் இருக்கும் எண், அதாவது அந்தப் பிரிவின் எண், பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்கு வந்த 3.1 என்பது மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவாக இருக்க வேண்டும். லேபிளைப் படவிளக்கத்துக்குப் பின்னால் நகர்த்துங்கள்; சரியாகிவிடும். இதற்குப் பிழைச் செய்தி வராது என்பதால்தான் அச்சான கட்டுரைகளில்கூட இந்தத் தவறு சில சமயம் கண்ணில் படுகிறது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. விழுக்காட்டுக் குறியை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறீர்கள். லேடெக்கில் அந்தக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் உள்ள அனைத்தும் குறிப்புரையாகக் கருதப்பட்டு விடப்படும். மூலக் கோப்பில் இரண்டு வரிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி: 'மொத்த மாதிரிகளில் 40% படிகமாயின, எஞ்சிய'. இரண்டாம் வரி: 'மாதிரிகள் தூளாகவே இருந்தன.' பிடிஎஃப்பில் வருவது: 'மொத்த மாதிரிகளில் 40மாதிரிகள் தூளாகவே இருந்தன.' வாக்கியம் ஏறக்குறைய ஒழுங்காகவே தெரிகிறது, ஆனால் முடிவு தலைகீழாகிவிட்டது. வரி முடிவில் உள்ள இடைவெளியையும் அந்தக் குறி விழுங்கிவிடுவதால் '40மாதிரிகள்' என்று ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமே துப்பு. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோட்டை இட்டால் விழுக்காடு விழுக்காடாகவே வரும். கோப்பு முழுவதும் இந்தக் குறியைத் தேடி ஒவ்வோர் இடத்தையும் சரிபாருங்கள். அடிக்கோட்டுக் குறி, 'அண்ட்' குறி ஆகியவற்றுக்கும் இதே மருந்துதான்; அவை பிழைச் செய்தியாவது தரும் என்பது ஆறுதல்.

பிழைச் செய்திகள் நாற்பது ஐம்பது என்று குவிந்தால் மிரள வேண்டாம். முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் குட்டிகள். 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ், 12 பாயிண்ட்' என்பது பிழை அல்ல, எச்சரிக்கை. ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட் என்பது டெக்கின் கணக்கு. ஆகவே அந்த வரி ஓரத்தைத் தாண்டி நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டிருக்கிறது என்று பொருள். நீண்ட சமன்பாடாக இருந்தால் உடைத்து எழுதுங்கள். ஒன்றிரண்டு பாயிண்ட் என்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: மேற்கோள் பட்டியலில் 'டிஎன்ஏ' போன்ற சொற்களின் பெரிய எழுத்துகள் சிறிய எழுத்துகளாக மாறிவிடுகின்றன. உலக சுகாதார அமைப்பின் பெயரும் ஒரு தனிமனிதரின் பெயர்போல முதலெழுத்துகளோடு வருகிறது. பட்டியலைக் கையால் திருத்திவிடலாமா?

பதில்: கையால் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். மேற்கோள் தரவுக் கோப்பில் திருத்துங்கள். கட்டுரைத் தலைப்புகளின் முதல் சொல்லைத் தவிர மற்றவற்றைச் சிறிய எழுத்தாக்குவது பல பிப்டெக் பாணிகளின் வழக்கம். மாறக் கூடாத சொல்லை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால் அதைத் தொடாது. முழுத் தலைப்பையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும் குறுக்குவழியும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், இதழின் பாணி அங்கே செயலிழந்துவிடும்.

நிறுவனப் பெயரின் கதையும் இதுதான். பிப்டெக் எந்தப் பெயரையும் மனிதர் பெயராகவே எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் மற்றவற்றை முதற்பெயர்களாகவும் பிரிக்கும். பெயர் முழுவதையும் கூடுதலாக ஒரு ஜோடி நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டால் பிரிக்காமல் விட்டுவிடும். பல ஆசிரியர்கள் இருந்தால் பெயர்களுக்கு இடையே 'அண்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான் வர வேண்டும், காற்புள்ளி அல்ல.

தேடுபொறிகளிலிருந்து ஒரே சொடுக்கில் இறக்கிய தரவை அப்படியே நம்பாதீர்கள். தொகுதி எண் இல்லாமலும், இதழின் பெயர் ஒரு பதிவில் முழுமையாகவும் மற்றொன்றில் சுருக்கமாகவும், மதிப்பாய்வுக்கு முன் வெளியிடும் முன்பதிப்பாக இருந்து பின்னர் முறையாக வெளியான கட்டுரை இன்னும் முன்பதிப்பாகவே பதிவாகியும் கிடைப்பது சாதாரணம். ஒவ்வொன்றையும் அதன் டிஓஐ எண்ணைக் (கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்ணைக்) கொண்டு மூலப் பக்கத்தில் சரிபார்ப்பது சலிப்பான வேலைதான். இருந்தாலும் வார்ப்புருவின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை இங்கே செலவிட்டால், பதிப்பாசிரியரிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி குறையும்.

கேள்வி: படங்கள் தெளிவாக இல்லை என்று கட்டுரை திரும்பிவந்தது. என் திரையில் நன்றாகவே தெரிகின்றன.

பதில்: திரையில் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். படம் அச்சில் எவ்வளவு அகலத்தில் வரப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்து, அந்த அளவிலேயே வரைய வேண்டும். ஒற்றைப் பத்தி அகலம் ஐஇஇஇ இதழ்களில் 3.5 அங்குலம், எல்சேவியர் தரும் அளவு 90 மில்லிமீட்டர், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 10 அங்குல அகலத்தில் வரைந்து, வரைபடத்தின் கிடை, செங்குத்து அச்சுகளின் பெயர்களை 10 பாயிண்ட் எழுத்தில் இட்டு, பிறகு 3.5 அங்குலத்துக்குச் சுருக்கினால் அந்த எழுத்து 3.5 பாயிண்ட் ஆகிவிடும். அதை யாரால் வாசிக்க முடியும்?

வரைபடங்களைத் திசையன் வடிவமாக, அதாவது பிடிஎஃப் அல்லது ஈபிஎஸ் கோப்பாகச் சேமியுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாது. புகைப்படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 90 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது 1063 படப்புள்ளிகள். கோட்டுப் படத்தைப் புள்ளிப் படமாகத்தான் தர முடியும் என்றால் அங்குலத்துக்கு 1000 புள்ளிகள் என்று எல்சேவியர் கேட்கிறது. தெளிவு குறைந்த படத்தை மென்பொருளில் 300 என்று மாற்றிச் சேமிப்பதால் இல்லாத விவரம் பிறந்துவிடாது. தரவிலிருந்து மறுபடி வரைவதுதான் வழி. பைதான் மொழியின் மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பில் வரைகிறவர்கள், பிடிஎஃப்பில் 'டைப் 3' எழுத்துருவுக்குப் பதிலாக 'டைப் 42' பதியுமாறு அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். முன்னதைச் சில சரிபார்ப்புக் கருவிகள் ஏற்பதில்லை.

கேள்வி: ஒரு இதழ் கட்டுரையை நிராகரித்துவிட்டது. வேறொரு பதிப்பகத்தின் இதழுக்கு அனுப்பப்போகிறேன். வார்ப்புருவை மாற்றுவதற்கே ஒரு வாரம் ஆகும்போல் இருக்கிறதே?

பதில்: முதலில் அந்த இதழின் வழிகாட்டியைப் பாருங்கள். முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் சரி, ஒரே பிடிஎஃப் போதும், ஏற்கும் நிலைக்கு வந்த பிறகு வார்ப்புருவில் தந்தால் போதும் என்று சொல்லும் இதழ்கள் இன்று பல. அப்படியானால் வேலையே இல்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய கோப்பின் முதல் வரியில் வகுப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். தலைப்பு, ஆசிரியர், நிறுவனம், சுருக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு வகுப்பும் தனக்கே உரிய கட்டளைகளில் கேட்கும் என்பதால் பிழைகள் கொட்டும். புதிய வார்ப்புருவோடு வரும் மாதிரிக் கோப்பை எடுத்து, அதன் முன்பகுதியை உங்கள் விவரங்களால் நிரப்பி, பிறகு கட்டுரையின் உடலை அதற்குள் கொண்டுவருவதே வேகமான வழி. முன்னுரை முதல் முடிவுரை வரையான உடலைத் தனிக் கோப்பாக வைத்து 'இன்புட்' கட்டளையால் அழைக்கும் பழக்கம் இருந்தால் இது ஒரு மாலை வேலை. இரண்டு பத்தி வடிவுக்குப் போகிறீர்கள் என்றால் அகன்ற அட்டவணைகளும் நீண்ட சமன்பாடுகளும் மட்டும் உங்களைப் பிடித்து உட்கார வைக்கும்.

கேள்வி: என் கணினியிலும் ஓவர்லீஃப் என்ற இணைய லேடெக் தளத்திலும் ஓடும் கோப்பு, இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் மட்டும் ஓட மறுக்கிறது. ஏன்?

பதில்: பல காரணங்கள் இருக்கலாம், அடிக்கடி நேர்பவற்றைச் சொல்கிறேன். படங்களைத் துணைக் கோப்புறையில் வைத்திருப்பீர்கள். பல தளங்கள் எல்லாக் கோப்புகளையும் ஒரே மட்டத்தில் எதிர்பார்க்கின்றன. கோப்புப் பெயரில் இடைவெளி இருக்கலாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு வேறு. தளத்தின் வழங்கி லினக்ஸில் ஓடினால் 'படம் கிடைக்கவில்லை' என்று சொல்லும். பிப்டெக்குக்குப் பதிலாகப் பிப்லேடெக் என்ற மேற்கோள் தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தால், அதைப் பல பதிப்பகங்கள் ஏற்பதில்லை. எழுதத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. லேடெக்கையும் அதன் தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் டெக் லைவ் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. தளத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். வகுப்புக் கோப்பு, மேற்கோள் பாணிக் கோப்பு, பிப்டெக் உருவாக்கிய பட்டியல் கோப்பு ஆகிய மூன்றையும் மூலக் கோப்போடு சேர்த்தே ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் ஒரு வெற்றுக் கோப்புறையில் நகலெடுத்து அங்கே ஓட்டிப் பார்த்தால், விடுபட்டது எது என்று உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆசிரியர் பெயர் தெரியாமல் மதிப்பாய்வு செய்யும் இதழ் அது. பெயரை மட்டும் நீக்கினால் போதுமா?

பதில்: போதாது. நன்றியுரை, நிதியுதவி எண், நிரல் வைத்திருக்கும் இணைய முகவரி, கோப்பின் பெயர், பிடிஎஃப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் ஆசிரியர் பெயர் ஆகிய அனைத்தையும் பாருங்கள். 'எங்கள் முந்தைய கட்டுரையில்' என்று எழுதியிருந்தால் பிறர் கட்டுரையைச் சுட்டுவதுபோல மாற்றுங்கள். ஏசிஎம்ஆர்ட் வகுப்பில் 'அனானிமஸ்' என்று இட்டால் முகப்பில் உள்ள பெயர்கள் மறையும். உடலில் நீங்களே எழுதியவற்றை அது அறியாது.

கேள்வி: திருத்திய கட்டுரையை, மாற்றங்கள் தெரியும்படி அனுப்பச் சொல்கிறார்கள். லேடெக்கில் வேர்டைப்போல மாற்றங்களைக் காட்டும் வசதி இல்லையே?

பதில்: 'லேடெக்டிஃப்' என்ற கருவி இருக்கிறது. பழைய மூலக் கோப்பையும் புதியதையும் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு கோப்பை உருவாக்கும். அதை ஓட்டினால் சேர்த்தவை நீல நிறத்தில் அலைக்கோட்டுடனும், நீக்கியவை சிவப்பில் குறுக்குக் கோட்டுடனும் வரும். முதலில் அனுப்பிய கோப்பை அப்படியே தனியாகப் பாதுகாத்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். அட்டவணைகளிலும் பெரிய சமன்பாடுகளிலும் பெருமளவு மாற்றியிருந்தால் கருவி தடுமாறும். அந்த இடங்களை மட்டும் கையால் நிறமிட்டுக் காட்டலாம். மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதிலில் 'வரி 212இல் திருத்தியுள்ளோம்' என்று குறிப்பிடும்போது, அது மாற்றங்கள் காட்டிய பிரதியின் வரி எண்ணா, தூய பிரதியின் வரி எண்ணா என்பதைப் பதிலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நீக்கிய வரிகளும் எண்ணப்படுவதால் இரண்டு பிரதிகளிலும் எண்கள் ஒத்துப்போகா.